பைலுக்கு வேண்டிய படங்கள்

“அண்ணனுக்குக் கிட்ட உக்காரு சுபோ. இன்னும் கொஞ்சம்,” என்றான் புஷ்பராஜ், படகின் பின்பக்கம் நின்று போனைத் தூக்கிப் பிடித்தபடி.

சுபோதினி ஓர் அங்குலம் நகர்ந்தாள். பக்கத்தில் இருந்த குகதாசன் கனடாவிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் முழங்காலிலேயே வைத்திருந்தார்.

பொல்கொட ஆறு காலை வெயிலில் அசையாமல் கிடந்தது. கரையோரம் கிடந்த ஒரு பெரிய உடும்பைப் படகோட்டி காட்டினான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று பெயர். மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

மாத்தயாவும் நோனாவும், அதாவது ஐயாவும் அம்மாவும், புதிதாகக் கலியாணம் கட்டியவர்களா என்று படகோட்டி சிங்களத்தில் கேட்டான். புஷ்பராஜ் ஓம் என்று தலையாட்டி வைத்தான்.

சுபோதினி அவனுடைய மனைவி. எட்டு வருடம்.

கடதாசிப்படி பார்த்தால் போன பெப்ரவரியிலிருந்து இல்லை. நீதிமன்றம் பிரித்துவிட்டது. பிரிந்த பிறகும் இருவரும் கொட்டாஞ்சேனையில் அதே அறையில்தான் இருக்கிறார்கள்.

அவனுக்கு இரண்டு தடவை விசா மறுத்தாயிற்று. ஆகவே அவள் குகதாசனைக் கட்டிக்கொண்டு கனடா போவது, அங்கே காலூன்றியதும் அவரை விட்டுவிடுவது, பிறகு இவனைக் கூப்பிடுவது. யோசனை புஷ்பராஜுடையதுதான். மாட்டேன் என்று மூன்று மாதம் அழுதவள் சுபோதினி. குகதாசனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை.

வெள்ளவத்தை ஏஜென்ட் விவரமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். விசா பைலுக்குக் கொடுக்கும் படங்களில் மூன்று வருடப் பழக்கம் தெரியவேண்டும். வேறு வேறு இடம், வேறு வேறு உடுப்பு. “சிரிக்காத படத்த அங்க ஒருத்தரும் நம்பமாட்டினம், தம்பி.”

குகதாசன் திரும்பிப் போக இன்னும் மூன்றே நாள். மூன்று வருடத்தையும் இன்றைக்குள் முடிக்கவேண்டியிருந்தது.

படகில் குகதாசனின் தாடியோடு முதலாம் வருடம் முடிந்தது. வரும் வழியில் இரத்மலானையில் ஒரு சலூனில் இறங்கித் தாடியை எடுத்தார்கள். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில், தாடியில்லாமல், மற்ற இரண்டு வருடங்கள்.

ஒவ்வொரு தடவையும் புஷ்பராஜ் போனில் திகதியை மாற்றினான். பெண்கள் கழிப்பறை வாசலில் உடுப்புப் பையோடு காவல் நின்றான். மஞ்சள் சுடிதார் உள்ளே போய் நீலச் சேலை வெளியே வந்தது.

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றிவிடும் என்று நேற்றெல்லாம் பயந்துகொண்டிருந்தான். தோளில் கை போடச் சொன்னான், குகதாசன் போட்டார். மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வது போல, கண்ணுக்குத் தெரிந்தது, உறைக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. எல்லாப் படத்திலும் சுபோதினி போனையே பார்த்தாள்.

“என்னப் பாக்காத. அவரப் பாரு.”

யானைக்குப் பக்கத்தில் சொன்னான். சிறுத்தைக் கூண்டுக்கு முன்னால் சொன்னான். அவள் முகத்தைத் திருப்புவாள்; கண் மட்டும் திரும்பி வந்துவிடும். இந்தப் படங்கள் பைலுக்கு உதவாது என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கு அவனுக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

நீர்யானையிடம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கடைசி உடுப்பு.

நீர்யானை தண்ணீரைவிட்டு ஏறி வந்து, வேலிக்குத் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு வாலை விசிறிச் சுழற்றியபடி சாணம் போடத் தொடங்கியது. வேலியோரம் நின்ற குகதாசனின் வெள்ளைச் சப்பாத்திலிருந்து முழங்கால்வரை ஒரு இடம் மிச்சமில்லை.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மிக மரியாதையாக, நீர்யானைக்குத் தாங்க்யூ சொன்னார்.

சுபோதினி வெடித்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, விழுந்துவிடாமலிருக்க அவருடைய கையை எட்டிப் பற்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

புஷ்பராஜின் விரல் தன்பாட்டில் போனை அழுத்தியது.

குகதாசன் சப்பாத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனார். புருசனும் பெண்சாதியும் ஒரு வாங்கில் உட்கார்ந்தார்கள். அவன் காலையிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். அவள் களைப்போடு பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் ஒரே முகம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த முகம்.

கடைசிப் படம் வந்தது.

“இதுதான் சுபோ,” என்றான். “இது ஒண்ணு போதும். இத முதல் பக்கத்துல வைப்பம். யாரு பாத்தாலும் நம்புவாங்க.”

உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னான். அன்றைய வேலை ஒருவழியாக முடிந்த சந்தோஷம்.

சுபோதினி போனைக் கையில் வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

“மற்றதெல்லாம் குடுங்கோ,” என்றாள். “இத மட்டும் பைலுக்குக் குடுக்காதேங்கோ.”

அவன் போனுக்குக் கையை நீட்டினான். அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.