தொட்டாலே எழுதணும்

"இந்த லேப்டாப் திரையில எழுதுறதுக்குச் சேர்ற பேனா இருக்கா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

லேப்டாப்பைக் கடை மேசைமேல் வைத்தாள் அவள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இருங்கம்மா, கடைக்குள்ள வந்தே ஒரு நிமிஷம் ஆகலை. படம் வரையவா?"

"இல்லைங்க, என் வீட்டுக்காரருக்கு. மாடிப்படியில யாரோ தள்ளிவிட்டுட்டாங்க. மூணு நாளா நினைவில்லை. இன்னிக்குக் காலையிலதான் கண்ணு முழிச்சார்."

"அடப்பாவமே! தள்ளினது யாராம்?"

"அதைத்தான் அவர் சொல்லணும். தொண்டையில குழாய். பேச முடியாது. பத்து விரல்லயும் கட்டு. காகிதத்துல அழுத்தி எழுத வலு இல்லை. லேசா தொட்டாலே எழுதுற பேனாவா வாங்கிட்டு வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடுவார்."

கடிகாரத்தில் மூன்றேகால்.

கடைக்காரர் தூசி தட்டும் துணியை எடுத்துத் தன் விரல்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"அவர் கை மாதிரியே வச்சு சோதிச்சுப் பார்த்துடுவோம்."

முதல் பேனா திரையில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு புள்ளிகூட விழவில்லை.

"இதுக்கும் உங்க லேப்டாப்புக்கும் பேச்சுவார்த்தையே இல்லைம்மா."

இரண்டாவது பேனா, தொட்ட இடத்தை விட்டு வேறெங்கோ கோடு போட்டது.

"இது பேசுது. ஆனா உளறுது."

அவள் சிரிக்கவில்லை. வாசல் கதவு காற்றில் கிரீச்சிட்டதற்கே துள்ளித் திரும்பினாள். கைப்பைக்குள் போன் அலறியது. மறுமுனைக் குரல் கடைக்காரர் காதுவரை வந்தது.

"அண்ணி, கிடைச்சுதா? இல்லைன்னா சொல்லுங்க, நான் ஊரையே சலிச்சாவது வாங்கிட்டு வர்றேன். அண்ணனைத் தள்ளினவன் பேரு இன்னிக்கே தெரிஞ்சாகணும்!"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்மா" என்று வைத்தாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"பயமா இருக்காம்மா?"

"ரொம்ப."

"தள்ளினவன் ஆஸ்பத்திரிக்கே வந்துடுவானோன்னா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடைக்காரர் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியிலிருந்த எண்ணைப் படித்து, மேல் அலமாரியிலிருந்து மூன்றாவது பேனாவை இறக்கினார். பேட்டரி போட்டார். துணி சுற்றிய கையால் திரையை லேசாகத் தொட்டு இழுத்தார்.

பளிச்சென்று ஒரு 'அ'.

"எழுதிடுச்சும்மா! உங்க வீட்டுக்காரர் இனிமே மணிமணியா எழுதித் தள்ளுவார் பாருங்க."

அவள் அந்த எழுத்தையே வெறித்தாள். உதடு உலர்ந்திருந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? அதான் கிடைச்சிடுச்சே!" அவர் பேனாவை அதன் பெட்டியில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார். "நல்லவேளை, இங்க வந்தீங்க. வேற கடையா இருந்தா ரப்பர் முனைப் பேனாவை உங்க தலையில கட்டியிருப்பான். தோல் பட்டாத்தான் அது வேலை செய்யும். வெறுங்கையில பிடிச்சா யாருக்கும் ஜோரா எழுதும். கட்டுப் போட்ட கைக்கு மட்டும் ஒரு கோடுகூட விழாது. பார்க்கிறவங்க, பாவம், மனுஷனுக்குக் கையில தெம்பே இல்லைன்னு நினைச்சுக்குவாங்க."

கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

பெட்டியை மெல்ல அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"அந்த ரப்பர் முனைப் பேனாவே ஒண்ணு கொடுங்க."