அத்தை செய்த மூன்று கொலைகள்

மூன்றாவது கொலையை முடித்துவிட்டு அத்தை தன் நாற்காலியில் வந்து உட்காரவும் விளக்கு எரியவும் சரியாக இருந்தது.

வக்கீல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சரிந்த அழகைப் பார்த்தால் யாரும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, செத்தவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விளையாட்டுதான். ஆனால் விதிகள் கோர்ட்டை விடக் கறார். சீட்டு எடுத்தால் ஒரு வேஷம் வரும்; ஒரே ஒரு சீட்டின் பின்பக்கம் மட்டும் கொலைகாரர் என்று எழுதியிருக்கும். ஐந்து பேரை ஒரு கூடத்தில் விட்டுப் பூட்டிவிடுவார்கள். சேர்ந்து வந்தவர்களானாலும் முன்பின் தெரியாதவர்களாகத்தான் பழக வேண்டும். நிஜப் பெயர் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு அணையும். கொலைகாரச் சீட்டு வந்தவர் இருட்டில் யார் தோளையாவது தொட வேண்டும். தொட்டால் செத்தார். செத்தவர் மூச்சு விடலாம், பேசக் கூடாது. துப்பறிவாளரைத் தொடக் கூடாது. கொலைகாரர் யாரென்று அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் கதவுகள் திறக்கும்.

அத்தை என்பதும் சீட்டில் வந்த உறவுதான். ஓய்வு பெற்ற ஆறு வருஷமாக வீட்டுச் சுவரோடு பேசிப் பேசி, சுவர் எதிர்த்துப் பேசத் தொடங்கிவிடுமோ என்று பயந்துதான் இங்கே வந்தாள்.

வந்த இடத்தில்தான் அந்தக் குரல்.

"யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது" என்று துப்பறிவாளர் ஆரம்பித்ததுமே அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் கேட்ட குரல். அத்தை இருந்தது ஊருக்கே தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில். தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி ஊரின் மறுகோடியில், மேட்டின் மேல். தொட்டி நிரம்பியதும் அங்கிருந்து போன் வரும்.

"நிரம்பிடுச்சு, நிறுத்துங்க."

இரண்டே வார்த்தை. அந்த இரண்டில் அவருக்குச் சளி பிடித்திருப்பது தெரியும், இரவு சரியாகத் தூங்காதது தெரியும், சிரித்துக்கொண்டே சொல்வது தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தை பத்தொன்பது வருஷம் குடித்தனமே நடத்திவிட்டாள்.

கடைசி வேலை நாளில், நாளை முதல் வர மாட்டேன் என்று சொன்னாள். "இன்னும் நிரம்பலை" என்றது குரல்.

கால் மணி நேரம் கழித்தும் நிரம்பவில்லை. அரை மணி நேரம் கழித்தும் நிரம்பவில்லை. இருவருமே போனை வைக்கவில்லை. அதற்குள் மேட்டுத் தெருவில் செருப்புகள் கப்பலாகக் கிளம்பிவிட்டன. ஒரு நாய் நீச்சல் கற்றுக்கொண்டது.

ஏன் அப்படிச் சொன்னார்? கேட்பதற்காக அடுத்த வாரமே இரண்டு பஸ் மாறி அத்தை மேட்டுக்குப் போனாள். நாற்காலி இருந்த இடத்தில் ஒரு தானியங்கி சுவிட்ச் இருந்தது. அதனிடம் எதைக் கேட்பது?

இன்று கேட்டுவிட வேண்டும். ஆனால் நாலு பேர் காதில் விழும்படியா? சீட்டைப் புரட்டினால், கொலைகாரி. அவளுக்கு இந்த ஜென்மத்தில் இத்தனை வசதியாக எதுவும் அமைந்ததில்லை.

முதலில் தோட்டக்காரர். அத்தை வணக்கம் சொன்ன நொடியிலிருந்து பிளந்த வாயை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப் பார்க்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன பேச முடியும்? தொட்டதும் செத்திருக்க வேண்டும். அவரோ தோளில் விழுந்த கையை ஒரு நிமிடம் பற்றிக்கொண்டிருந்துவிட்டு, தாமதமாகச் செத்தார்.

அடுத்து டாக்டர். அவர் பேச்சை நிறுத்தக் கொலையைத் தவிர வேறு வழி கிடையாது. கடைசியில் வக்கீல்.

இப்போது கூடத்தில் இரண்டே பேர். கொலைகாரி யாரென்று தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். துப்பறிவாளர் சிரித்தபடி விரலை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க சார், இப்பவே சொல்லிடாதீங்க." அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நிரம்பிடுச்சா?"

நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"பம்ப் ஹவுஸ் அம்மாவா நீங்க?"

"கடைசி நாள் ஏன் சார் நிரம்பலைன்னீங்க?"

துப்பறிவாளர் பிடரியைச் சொறிந்துகொண்டார். "அது நான் இல்லீங்க. வெளியே சொல்லிடாதீங்க, உத்தியோகம்தான் என் பேர்ல. காலையில எழுந்திரிக்க எனக்கு உடம்பு வணங்காது. தினம் போய் உக்காந்தது என் தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை, பெத்த அம்மாவே ஏமாந்துடுவாங்க. அன்னைக்கு ஓடின தண்ணிக்கு மெமோ வாங்கினது மட்டும்தான் நான்."

அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"தம்பி... நல்லா இருக்காரா?"

"இருந்தான். இன்னைக்கு என்னை இங்க இழுத்துட்டு வந்ததே அவன்தான்." அவர் பக்கத்து அறைக் கதவைக் காட்டினார். "முதல் ஆளா நீங்கதானே அவனைக் கொன்னீங்க."

அத்தை அந்தக் கதவைப் பார்த்தாள். அதன் பின்னால், பேசக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, யாரும் பேசவில்லை.

"சொல்லுங்க சார்" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க, நான்தான் கொலைகாரின்னு."