கவ்வாத பூட்டு

“‘அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அப்பா என்னை விற்ற விலை.’ நாவலோட முதல் வரியே இதுதாங்க!” என்று மைக்கில் சொன்னார் கல்லூரி ஆசிரியை ஆஷ்லி. கோயமுத்தூர் சர்ச் ஹாலே கப்சிப்பென்று ஆனது.

நாவலை எழுதிய கெசியா மேடையில்தான் இருந்தாள். ஆனால் அது அவள் காதில் விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒருவர் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழக்கம் ஒன்றே போதும். அப்பா!

எட்டு வருஷமாக அவள் அவர் முகத்தில் விழித்ததில்லை. தலையில் தறிக்குடோன் பஞ்சோடு உள்ளே வந்த தேவதாஸ், இருந்த ஒரே வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

கெசியாவுக்கு வியர்த்தது. ‘எல்லாம் கற்பனைதான்’ என்று இப்போதுதான் சபையில் சொல்லியிருந்தாள். இந்த மனுஷன் எழுந்து வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். எழுந்து போகலாமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“அம்மா வைத்தியத்துக்காக அப்பா தறி முதலாளிகிட்ட முன்பணம் வாங்கறாரு” என்று ஆஷ்லி விளக்கினார். “அது தீர்ற வரைக்கும் பதினேழு வயசுப் பொண்ணு தறி ஓட்டோணும். முதலாளி வாசல்ல நின்னு பாக்கப் பாக்க, அப்பாவே அவளை அறைக்குள்ள தள்ளிப் பூட்டறாரு. ரெண்டு பேரும் வேன் எடுத்துட்டு வரப் போறாங்க. அவ கதவைத் தள்ளறா. பூட்டு கவ்வலை! ஓடிப்போயிடறா!”

கூட்டம் மூச்சுவிட்டது.

“பச்சைப் பெயின்ட் தெறிச்ச, துருப்பிடிச்ச பூட்டு. அந்த அப்பாவோட அதிகாரமே துருப்பிடிச்சுப்போச்சுங்கறதுக்கு அதுதாங்க குறியீடு!”

கைதட்டல். தேவதாஸும் தட்டினார். தட்டி முடித்து, அதே கையைத் தூக்கினார்.

“ஏனுங் மேடம், ஒரு சந்தேகமுங்க.”

கெசியா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“அந்தப் புள்ள ஓடிப்போன பொறவு, அந்தக் கடன் என்னங்க ஆச்சு?”

“அது கதைக்குத் தேவையில்லீங்க, ஐயா.”

“மொதலாளிக்குத் தேவைங்களே!”

ஹாலே சிரித்தது. தேவதாஸும் சிரித்தபடி உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் கெசியா வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

“எதுக்கு வந்தீங்க? நாலு பேர் முன்னால என்னைய அசிங்கப்படுத்தவா?”

“அய்யோ, அதெல்லாம் இல்ல கண்ணு. நீ புஸ்தகம் போட்டிருக்கறயாமா. அதுக்குன்னே எழுத்துப் பழகி, ஒவ்வொண்ணாக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன்.” அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். “கடன் போன வாரத்தோட தீந்துபோச்சு. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான்.”

“யார் அடைச்சா?”

“ஆரு அடைப்பா? உனக்குன்னு ஒதுக்குன தறியையும் சேத்து நானே ஓட்டுனேன்.”

“அதுக்கு நான் உங்க கால்ல விழோணுமா? அன்னைக்கு மட்டும் பூட்டு கெட்டுப்போகாம இருந்திருந்தா, அந்தத் தறியில நான்தான் நின்னிருப்பேன்!”

தேவதாஸ் சைக்கிள் பக்கம் திரும்பினார். குனிந்து சாவியைப் போட்டுத் திருகினார். சங்கிலி கழன்றது. கையோடு வந்த பூட்டில் துரு. ஓரத்தில் பச்சைப் பெயின்ட்.

கெசியா அதைப் பிடுங்கினாள். அழுத்தினாள். டக்கென்று கவ்விக்கொண்டது. இழுத்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

“அப்பா... இது...”

“அது எந்நாளும் கெட்டதில்ல, கண்ணு. அன்னைக்கு நாந்தான் அழுத்தாம உட்டேன்.”