படகுத்துறையில் நின்ற பச்சைச் சேலை

மலேசியாவின் மெர்லிமா ஊரைச் சேர்ந்த விஜயராணிக்கு அது முதல் கப்பல் பயணம். பினாங்கில் ஊர் சுற்றிவிட்டு, கணவர் புவனேந்திரனோடு நேரத்துக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் கப்பல் கிளம்பவில்லை. ஒரு பயணி இன்னும் கரையில் இருப்பதாக ஒலிபெருக்கி அறிவித்தது. அது சொன்ன பெயர் விஜயராணி.

அவள் வாசலில் இருந்த சிப்பந்தியிடம் போய்த் தன் பயண அட்டையைக் காட்டினாள். அவன் மன்னிப்புக் கேட்டான். மறுபடியும் அதே பெயர் ஒலித்தது. அடுத்து லங்காவியில் இறங்கிச் சுற்ற நேரமே இருக்காது என்று மற்ற பயணிகள் சலித்துக்கொண்டார்கள்.

அந்தி வெளிச்சத்தில் படகுத்துறைக்கு ஒருத்தி நடந்து வந்தாள். விஜயராணி உடுத்தியிருந்த அதே பச்சைச் சேலை, அவளுடைய அதே முகம். கையில் கனமான பை.

"ராணி, அது நீதான்," என்றார் புவனேந்திரன். "பாவம்லா, தனியா நிக்கிது. எறங்கு, வீட்டுக்குப் போயிருவோம்."

"எங்க போனாலும் பாதியிலயே வீட்டுக்குக் கூப்பிடுவீங்க. இந்தத் தடவ எறங்க மாட்டேன். அவளும் ஏறக் கூடாது."

"அப்ப நான் போறேன்."

"போங்க."

அவர் இறங்கிப் போய், கரையில் நின்றவளின் பையை வாங்கிக்கொண்டார். இருவரும் ஊர்ப் பக்கம் நடந்தார்கள்.

சிப்பந்தி ஏணியைத் தூக்கினான். பயணிகள் அனைவரும் வந்துசேர்ந்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கி நன்றி சொன்னது.

விஜயராணி சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய், கடல் தெரியும் மேசையாகக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.