கரையிலேயே மட்டமான போன்

மூன்றாவது வெள்ளோட்டமும் ஊற்றிக்கொண்டது.

கேளம்பாக்கத்தில் உட்கார்ந்து ரவிச்சந்திரன் கம்பெனி செய்த மீன் ஏல வெப்சைட். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் சோதனை. யார் விலை ஏற்றினாலும் அந்த நொடியே எல்லார் போனிலும் தெரிய வேண்டும். மீன்காரி சொர்ணத்தின் போனில் தெரியவில்லை. வட்டம் சுற்றியது. சுற்றி முடிப்பதற்குள் வஞ்சிரம் செங்கல்பட்டு வியாபாரிக்குப் போய்விட்டது.

மூன்று வாரமாக இதே கதை.

"இன்னொரு வெள்ளிக்கெழம தரோம் அண்ணாத்த. அன்னிக்கும் ஓடலன்னா மூட்டைய கட்டு" என்றார் மீனவர் சங்கத் தலைவர் சடையன்.

ரவிச்சந்திரன் சொர்ணத்திடம் பாய்ந்தார். "மத்த பதினெட்டு பேர் புகார் சொல்லலையே. உங்களுக்கு மட்டும் என்னம்மா?"

"வட்டம் சுத்திக்கினே கீது. மீனு பூட்சி. வேற இன்னா சொல்லணும்?"

அவள் கையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். பிரிந்துவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஜெகதாம்பாள் அதையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரவிச்சந்திரன் காரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். "புது போன். சும்மா வச்சுக்குங்க. பிரச்சினை முடிஞ்சுது."

"வோணாம்."

"இலவசம்மா!"

"வோணான்னா வுடேன். இதுல ஓடுனா வா. இல்லாங்காட்டி போய்க்கினே இரு."

"திமிரைப் பார்த்தியா?" என்றார் காரில் ஏறியதும்.

காரை ஓட்டியவள் வைஷாலி. வெப்சைட்டை எழுதியவளும் அவள்தான். "வெப்சைட்டைத் தாங்கற ஃப்ரேம்வொர்க்கை மாத்திடலாம் சார். முதல்லயே சொன்னேன். நாம எடுத்தது ரொம்பப் பெருசு. பழைய போன் அதைத் திறக்கறதுக்கே மூச்சு வாங்குது."

"பெரிய கம்பெனி எல்லாம் அதைத்தானே வச்சிருக்கான்?"

"அவன் ஊரையே ஏத்தறான். நாம அனுப்பறது ஒரு விலை. ஒரு கூடை மீனுக்குப் பதினாறு சக்கர லாரி எதுக்கு? சைக்கிள் போதும்."

"ஒரு அம்மா பிடிவாதத்துக்கு ஆறு மாச வேலையைத் தூக்கிப் போடறதா?"

"ஆறு நாள் குடுங்க. ஓடும்."

சின்ன ஃப்ரேம்வொர்க்காகப் பார்த்து எடுத்தாள். அலங்காரம், துள்ளும் மீன் படம் எல்லாம் போச்சு. விலை, பெயர், ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஓடியது. வட்டமே இல்லை. மீன்காரிகள் எல்லாரும் போட்டி போட்டு விலை கேட்டார்கள். செங்கல்பட்டு வியாபாரிக்கு ஒரு சங்கரா மீன்கூட மிஞ்சவில்லை.

அப்போது சொர்ணத்தின் பைக்குள் ஒரு போன் அடித்தது. எடுத்தாள். பளபளவென்று பெரிசு. ரவிச்சந்திரன் போனைவிட உசத்தி.

"இது யாருது?" என்றார் அவர்.

"என்துதான். படூர்ல வேல செய்ற எம் பொண்ணு வாங்கிக் குட்த்தா. ஒங்க ஏலம் இதுல மொத நாளே ஜோரா ஓட்ச்சே."

"அப்ப அந்த உடைஞ்ச போன்?"

"தோ, ஜெகதாம்பாளுது. கரையிலயே மட்டமான போன் எதுன்னு பார்த்து எரவல் வாங்கினேன். இவளுங்க எல்லாருக்கும் வட்டந்தான் சுத்துச்சி. தன் வெரலுதான் மெதுவுன்னு நென்ச்சி வாய மூடிக்கினாளுங்க."

"மூணு வாரம் உங்களுக்கும் மீன் போச்சேம்மா?"

"போவட்டும். நீ எனுக்கு ஒரு போனு குடுப்ப. பதினெட்டு குடுப்பியா?"



வைஷாலி லேப்டாப்பைத் திறந்தாள். வெப்சைட்டின் அடியில் 'உருவாக்கியவர்' என்று கம்பெனி பெயர் இருந்தது. அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

சரிசெய்தவர்: சொர்ணம்.