சதுக்கத்தில் விழுந்த குதிரை

"துரை ஏன் கடலைப் பார்த்துக் கை நீட்டுறார் தெரியுமா? எல்லாரும் கப்பலேறினப்போ இவரை மறந்துட்டாங்க!" என்று சிலையைக் காட்டிச் சவாரிக்காரர்களைச் சிரிக்கவைக்கத் திரும்பிய வண்டிக்காரர், நீரூற்றின் ஈரத்தைக் கவனிக்கவில்லை. வண்டிக் குதிரை வழுக்கிச் சதுக்கத்தின் நடுவே சரிந்து கிடக்கிறது. துரைமாரின் சாரட்டுகள் ஓடித் தேய்ந்த கருங்கற்கள் வெயிலில் அழகாக மின்னுகின்றன. மணிக்கூண்டின் நிழலில் நின்று ஆட்கள் படம் எடுக்கிறார்கள். "எந்திரி ராசாத்தி, எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகுது" என்று வண்டிக்காரர் அதன் கழுத்தைத் தடவுகிறார். அது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கல்லில் சாய்க்கிறது. "சரியாயிடும்ணே" என்கிறார் போலீஸ்காரர். "கொஞ்சம் ஓய்வு குடுத்தா போதும்" என்கிறாள் பூக்காரி. வரவழைத்த கால்நடை மருத்துவர் குனிந்து அதன் முன்னங்காலை அழுத்திப் பார்க்கிறார். "டாக்டர், நொண்டினாலும் பரவாயில்ல, உக்காரவச்சுத் தீனி போடறேன். பொழைச்சுக்குமா?" "இல்லண்ணே. எலும்பு நொறுங்கிப்போச்சு. வலிக்காம ஊசி போட்டுடறேன், தலையை மடியில வச்சுக்குங்க."