கடலோட ஒரு போட்டோ

"தலைக்கனம் புடிச்சவன்யா! இத்தன போட்டோ இருக்கு, ஒண்ணுலயாவது வந்து நின்னானா?"

ஜெயங்கொண்டத்துல பிளக்ஸ் கடைக்குள்ள டேவிட்ராஜ் இப்படிக் கத்துனப்ப, அரியமுத்து செத்து ஒரு நாள்கூட முழுசா ஆவல.

நாங்க ஆறு பேரு. நாலு பேரு வாத்தியாருங்க, டேவிட்ராஜ் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அரியமுத்து லைன்மேன். ரெண்டாவது சனிக்கிழமையானா சைக்கிள எடுத்துக்கிட்டு எங்கயாவது கெளம்பிருவோம். முந்தின நாள் சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்த அரியமுத்துவ ஒரு சுண்ணாம்புக்கல் லாரி அடிச்சுப்புட்டு நிக்காமப் போயிருச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு எடுக்குறாங்க. அதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியாவணும்.

அஞ்சு வருஷப் பழக்கம்னுதான் பேரு. அவன் வூட்டுக்கு நாங்க போனது இன்னிக்குக் காலைலதான், அதுவும் மொத தடவ.

அவன் பொண்டாட்டி மஞ்சு அழுதுக்கிட்டே எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டுச்சு.

"அண்ணே, போன மாசம் கடலோரமா போனீங்களே, அதுல அவரு சைக்கிளோட நிக்கிற போட்டோவப் போடுங்கண்ணே. வூட்டுல கல்யாண போட்டோவ வுட்டா ஆதாருதான் இருக்கு."

"ஒண்ணு என்னம்மா, நூறு இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கடைக்காரர் சரத்குமார் என் போன கம்ப்யூட்டர்ல மாட்டி ஒவ்வொண்ணா தள்ளுனாரு.

தரங்கம்பாடி, சூரியன் வர்ற நேரம். கோட்டைக்கு முன்னாடி அஞ்சு பேரு குதிக்கிறோம்.

"இதுல எவருங்க?"

"இதுல இல்ல. அவன்தான் எடுத்தான்."

காரைக்கால் பீச். நான் சைக்கிளத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கிறேன். ஈர மணல்ல படுத்துக்கிட்டு எடுத்தான் பாவி. "கடலும் வரணும், சைக்கிளும் வரணும், உங்க தொப்ப மட்டும் வரக்கூடாது. ரொம்ப கஷ்டம் சார்"னு சிரிச்சான்.

"இதுலயும் இல்லீங்களா?"

"அடுத்தது பாருங்க."

நாகூர் தாண்டி ரோட்டோரத்துல எளநீ குடிக்கிறோம். அஞ்சு பேரு. வேளாங்கண்ணியில மீன் வறுவல். மேசையில ஆறு தட்டு இருக்கு, அஞ்சு பேருதான் இருக்கோம்.

கடைசியா ஒரு வீடியோ. கடல் இரைச்சலோட அவன் கொரல் கேட்டுச்சு.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார். டேவிட் சார், செத்த சிரிங்க. ஆங், அப்புடித்தான்!"

எனக்கு தாங்கல. கடைன்னும் பாக்காம விசும்பிட்டேன்.

டேவிட்ராஜ், "நாம என்ன வேணாம்னா சொன்னோம்? அவனா வரல"ன்னாரு.

"சொன்னோம் சார்" என்றேன்.

"எப்ப?"

"வேளாங்கண்ணியில. ஊருக்குத் திரும்ப சைக்கிளயெல்லாம் வேன்ல ஏத்திக் கெளம்புறப்ப வந்து கேட்டான். 'சார், என்னையும் கடலோட ஒண்ணே ஒண்ணு எடுங்க, மஞ்சு கேக்குது'ன்னான். 'வேன்காரன் கத்துவான்டா, அடுத்த தடவ பாத்துக்கலாம்'னு சொன்னது நீங்க."

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? நீங்க எடுக்க வேண்டியதுதான?"

போன் என் கையிலதான் இருந்துச்சு. எடுக்க ஒரு நிமிஷம் ஆவுமா? பசங்களுக்கு தெனம் நல்லொழுக்கம் நடத்துற வாத்தியாரு நானு. த்தூ!

"மணி ரெண்டாவுதுங்க. ஆதார் இருக்குல்ல? யாராச்சும் ஒருத்தர் ஒடம்புல மொகத்த மாத்தி வச்சுரலாம். இப்பல்லாம் பத்து நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது" என்றார் சரத்குமார்.

டேவிட்ராஜ் என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன்.

"என் ஒடம்ப எடுத்துக்கங்க" என்றேன்.

காரைக்கால் கடலுக்கு முன்னாடி என் சைக்கிள், என் கையி, என் சட்டை. கழுத்துக்கு மேல அரியமுத்து. மொறச்சுக்கிட்டிருந்த ஆதார் மொகத்துக்கு ஒரு சிரிப்பையும் வச்சுட்டாரு சரத்குமார். தொப்பையையும் கொறச்சுட்டாரு. கீழ வரிசையா எங்க அஞ்சு பேரு மொகம். 'ஆறாத் துயரத்துடன் நண்பர்கள்.'

மூணு மணிக்கு அவன் தெருவுல பந்தக்கால்ல சேத்து பிளக்ஸக் கட்டினோம்.

மஞ்சுவ ரெண்டு பொம்பளைங்க கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. தலவிரி கோலமா நின்னு பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு. பதினாலு வருஷம் கூட வாழ்ந்த பொம்பளைக்குப் புருஷன் கையும் தோளும் தெரியாதா? தெரிஞ்சு ஒரு வார்த்த கேட்டுச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?

பிளக்ஸுல அந்த மொகத்தத் தடவிக் குடுத்துட்டு, என் பக்கம் திரும்பி கையெடுத்துக் கும்புட்டுச்சு.

"ஒவ்வொரு தடவயும் அவருகிட்ட கேப்பேன்ணே, ஏன் ஒரு போட்டோவுலயும் நீங்க இல்லன்னு. 'சாருங்க வா வான்னு கையப் புடிச்சு இழுக்குறாங்க புள்ள, எனக்குத்தான் வெக்கமா இருக்கு'ன்னு சொல்லுவாரு. எப்புடியோ ஒரு தடவ புடிச்சு நிக்க வச்சுட்டீங்களேண்ணே, நீங்கல்லாம் நல்லா இருக்கணும்!"